ஒரு விரல் உயரம்

அன்புள்ள பட்டாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அண்ணனும், படியில் படுத்தே காலம் கழிக்கும் அந்த ஒற்றைக்காதுப் பூனையும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவைத் திறக்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் பட்டறை முகவரிக்கு என் பெயருக்கு மட்டும் அனுப்பியிருந்தாய், அதைப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிட்டுத்தான் பிரித்தேன். மூன்று வாரமாக நீ போனை எடுக்காததற்கு உன் அண்ணன் நெட்டை ஒரு காரணம் சொன்னான், அம்மா ஒரு காரணம் சொன்னாள், நான் குட்டிக்குப் பரீட்சையாக இருக்கும் என்று ஒரு காரணம் சொன்னேன், மூன்றுமே தப்பு என்று இப்போது தெரிகிறது. பதிலைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் உனக்குத்தான் தெரியுமே, போனைக் காதில் வைத்தால் எனக்கு "சாப்பிட்டியா, அங்க மழையா" என்ற இரண்டு கேள்விக்கு மேல் வராது, மூன்றாவது கேள்விக்குள் அம்மா கையில் போனைத் திணித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அதனால் வேலை மேஜையில் மரத்தூளைத் தட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கண் ஆபரேஷன் மேல் பழியைப் போடு, கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது, அடுப்புக்கு நேர் மேலே. ஊருக்கெல்லாம் கதவு ஜன்னல் செய்தவன் வீட்டில் ஒரு ஜன்னல் ஒழுங்காகச் சாத்துகிறதா பார் என்று அம்மா பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் சொல்லிச் சிரிக்கிறாள், அவரும் என் சட்டையில் பித்தான் இல்லாததைப் பார்த்துச் சிரிக்கிறார். பட்டறையில் நான் இப்போது அரை நாள்தான். செயற்கைக் கால் பொருத்தும் பகுதி முழுக்க நெட்டையின் பொறுப்பு, எனக்கே அதிகாரம் பண்ணுகிறான், "அப்பா, கண்ணாடி போட்டுக்கிட்டு ரம்பத்தைப் பிடிங்க" என்று நாலு பேருக்கு முன்னால் சொல்கிறான். அவன் கட்டிக்கப் போகும் கல்யாணப் பெண்ணை நீ போனில் பார்த்திருக்கிறாய், நேரில் பார்த்தால்தான் தெரியும், கணக்கு டீச்சர் நல்ல உயரம், நம் வீட்டு வாசலில் குனிந்துதான் நுழைகிறாள். தன் அப்பாவுக்குக் கால் பொருத்தக் கூட்டி வந்தவள், அவர் நடக்கப் பழகி முடித்த பிறகும் ஏதாவது ஒரு திருகாணி தளர்ந்துவிட்டது என்று வந்துகொண்டே இருந்தாள். எந்தத் திருகாணி என்று எனக்கு அப்போதே சந்தேகம். கல்யாணத்துக்கு நெட்டைக்குப் புதுக் கால் ஜோடி செய்கிறோம். முழங்காலுக்குக் கீழே மாட்டும் கூடு இரண்டும் முடிந்துவிட்டது, அம்மா தோல் வாரெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டாள், பாதங்களும் தயார். நடுவில் வரும் அலுமினியக் குழாயை மட்டும் இன்னும் வெட்டவில்லை. குழாயை எவ்வளவு நீளம் வெட்டுகிறோமோ அதுதான் அவன் உயரம். "தங்கச்சி வரட்டும், பக்கத்துல நின்னு ரசமட்டம் வச்சுப் பாத்துட்டு வெட்டிக்கலாம்" என்று பிடிவாதமாக இருக்கிறான். டீச்சர், "நீங்க எவ்வளவு உயரமா இருந்தாலும் எனக்குச் சரி, ஆனா சீக்கிரமா வெட்டுங்க" என்கிறாள். குழாய் இரண்டும் என் எதிரில்தான் சுவரில் சாய்ந்து நிற்கின்றன.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். "நான் வரலப்பா, எந்த முகத்தை வச்சுக்கிட்டு அண்ணன் முன்னாடி நிக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். பெரியம்மா உன் வீட்டுக்கு வந்தபோது பேச்சுவாக்கில் போட்டு உடைத்துவிட்டாள் என்று புரிகிறது. அவளுக்கும் வயதாகிவிட்டது, எது சொல்லலாம் எது சொல்லக் கூடாது என்ற தாழ்ப்பாள் கழன்றுவிட்டது, அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சண்டைக் காலத்தில் பாதையோரத்தில் குண்டு விழுந்துதான் அண்ணனுக்குக் கால் போனது என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். பெரியம்மா சொன்னபடி பார்த்தால், நாம் எல்லோரும் ஊரைவிட்டு நடந்துகொண்டிருந்தபோது நாலு வயதுப் பிள்ளையான நீ கழன்று விழுந்த உன் செருப்புக்காக அழுதாய், ஏழு வயதான அண்ணன் அதை எடுக்கத் திரும்பி ஓடினான், அங்கே மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த கண்ணிவெடியை மிதித்துவிட்டான். இது உனக்குத் தெரியவே கூடாது என்று நான், அம்மா, பெரியம்மா மூன்று பேரும் முகாமில் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். அண்ணனையும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டோம், அவன் தலையாட்டினான். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மாவுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். மீதி எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் ஒரேயடியாகச் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை, அதற்கு முன்னால் ஒரு சின்ன திருட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டு கொஞ்சம் பழகிக்கொள்கிறேன்.

பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் உங்கள் இருவரையும் பட்டறையில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கவைத்து, இரண்டு தலைக்கும் குறுக்கே என் ரசமட்டத்தை வைப்பேனே, அதில் இருக்கும் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அவர்தான் உயரம். எப்போதும் அவன் பக்கம்தான் ஓடும், ஒரு விரல் அளவு அவன் கூடுதல். உனக்குப் பதின்மூன்று வயதானபோது குமிழி உன் பக்கம் ஓடியது. நீ நடக்கப் பழகுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் பிடிகம்பி இரண்டுக்கும் நடுவில் குதித்துக் குதித்து ஆடினாய், அவன் அன்றைக்குச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டான். மூன்று மாதம் கழித்துக் கூடு இறுக்கமாகிவிட்டது என்று அவனுக்குப் புது ஜோடி செய்தபோது மறுபடியும் குமிழி அவன் பக்கம். "நேத்து வரைக்கும் நான்தானே உயரம், அப்பா ஏதோ பண்ணிட்டாரு" என்று நீ கத்தினாய், நான் பிள்ளைகள் வளரும் வயது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். நீ சொன்னதுதான் சரி, கண்ணு. குழாயை முக்கால் அங்குலம் கூட்டி வெட்டினேன். அதற்குப் பிறகு நீ வளர வளர நானும் கூட்டிக்கொண்டே போனேன், நீ வளர்வதை நிறுத்தியபோதுதான் நான் மூச்சு விட்டேன். நீயே அவனுக்கு நெட்டை என்று பெயர் வைத்துக் கேலி பண்ணினாய், அந்தப் பெயரைக் கேட்டால் அவன் முகம் எப்படி மலரும் என்று நீ கவனித்திருக்க மாட்டாய். அவனுக்கும் இந்தத் திருட்டில் பங்கு உண்டு, அவன்தான் "கொஞ்சமே கொஞ்சம், அவளுக்குத் தெரியாம" என்று காதில் சொன்னவன்.

இப்போது பெரியது. அன்று காலை வெயில் ஏறிவிட்டது. வாய்க்கால் ஓரமாக வரிசையாக நடந்தோம், அம்மாவும் பெரியம்மாவும் மூட்டைகளோடு ரொம்ப முன்னால் போய்விட்டார்கள். நான் உன்னை இடது தோளில் போட்டிருந்தேன், வலது கையில் என் கருவிப்பெட்டி, அண்ணன் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தான். உன் கால் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் நீ பார்த்தாய். அழுதாய். நாலு வயதுப் பிள்ளை அழத்தான் செய்யும், அதுவரை நீ அழாமல் வந்ததே பெரிய விஷயம். திரும்பிப் பார்த்தேன், புல்லில் கிடந்தது கண்ணுக்குத் தெரிந்தது, முப்பதடிகூட இருக்காது. பாதையைவிட்டு விலகாதீர்கள் என்று முன்னால் போனவர்கள் சொல்லியிருந்தார்கள், அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. உளியும் இழைப்புளியும் ரம்பமும் இருந்த அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நானே போயிருக்கலாம். வைத்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஒரு நினைப்பு, அந்தப் பெட்டிதான் எனக்கு மிச்சமிருந்த பிழைப்பு. நான்தான் அவனிடம், "நீ பெரிய ஆள்தானே, ஓடிப்போய் எடுத்துட்டு வாடா" என்றேன். அவனாக ஓடவில்லை பட்டாணி. நான் அனுப்பினேன். ஒரு பெட்டிக்காக என் பிள்ளையை அனுப்பினேன். எழுதிவிட்டேன், இன்னொரு தடவை படித்துப் பார்க்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் கண் விழித்ததும் அம்மா அவனிடம் ஏன் ராசா போன என்று கேட்டாள். நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்றேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்து, "தங்கச்சி அழுதா, நானே போனேன்" என்றான். ஏழு வயது. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், அவன் கட்டுப் பிரித்த பிறகு சொல்லலாம், பட்டறையில் வேலை கிடைத்த பிறகு சொல்லலாம் என்று முப்பத்தொரு வருஷம் ஓட்டிவிட்டேன். பழைய பேருந்துக் கொட்டகையில் கால் செய்யும் பட்டறை திறந்து தச்சர் வேண்டும் என்று கேட்டபோது எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன், அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான். அவனுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒரு தடவை, அவன் காலடியில் மண்டியிட்டு வார் மாட்டிக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு நான் என்று ஆரம்பித்தேன். அவன், "அப்பா, இடது பக்கம் கொஞ்சம் இறுக்குது, பாருங்க" என்றான். இறுக்கமே இல்லை, நான் விரல் விட்டுப் பார்த்தேன். அதோடு அவனும் விட்டான், நானும் விட்டேன்.

இதில் அடிபட்டது நீ. அந்தச் செருப்பு அவன் கையிலேயே இருந்தது தெரியுமா, தூக்கி வந்தவர்கள் பிடியைப் பிரிக்க முடியாமல் அப்படியே கொண்டு வந்தார்கள். முகாமில் வேறு செருப்புக்கு வழியில்லை, அந்த ஜோடியைத்தான் நீ இன்னொரு வருஷம் போட்டுக்கொண்டு திரிந்தாய். அம்மா தினமும் அதைப் பார்த்தாள். அவள் உன் மேல் ஒரு குறையும் வைக்கவில்லை, உனக்குக் காய்ச்சல் வந்தால் மடியிலேயே வைத்திருந்தவள் அவள்தான், ஆனால் உன் காலை அவளால் பார்க்க முடியவில்லை. பட்டறையில் மிஞ்சின தோலில் தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் செருப்புத் தைத்தாள், தையல்காரர் மகளுக்குப் பூப்போட்டுத் தைத்தாள், நீ ஆசையாகக் கேட்டபோது மட்டும் "உனக்குக் கடையில வாங்கிக்கலாம்" என்று திரும்பிக்கொண்டாள். பத்து வயதில் நீ என்னிடம் வந்து, "அம்மாவுக்கு என்னைப் பிடிக்காதாப்பா" என்று கேட்டாய். அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி என்றேன். என்ன பதில் அது! உன்னைப் பார்க்காமல் திரும்பினபோதெல்லாம் அவள் முகம் திருப்பியிருக்க வேண்டியது என்னிடம்தான், அதை நீ வாங்கிக்கொண்டாய், நான் வேடிக்கை பார்த்தேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை, அது உன் இஷ்டம். ஆனால் அண்ணன் முன்னால் நிற்கக் கூசவேண்டியவள் நீ இல்லை, அதை மட்டும் மனதில் போட்டுக்கொள்.

நேற்று அவனிடம் நீ வராத காரணத்தைச் சொன்னேன். கடிதம் எழுதப் போகிறேன், எல்லாவற்றையும் எழுதப் போகிறேன், அம்மாவிடமும் சொல்லப் போகிறேன் என்றேன். அரம் போட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு, "எதுக்குப்பா இப்ப, எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்" என்றான். தங்கச்சி நல்லா இல்லையே என்றேன். அரத்தில் ஒட்டியிருந்த தூளை ஊதிவிட்டான். பிறகு சொன்னான், "அவ அழுதது எனக்கு ஞாபகமே இல்லப்பா. நீங்க என்னைப் பெரிய ஆள்னு சொன்னதுதான் ஞாபகம். அன்னைக்கு நான் எவ்வளவு பெருமையா ஓடினேன் தெரியுமா?" சொல்லிவிட்டு மறுபடியும் அரம் போட ஆரம்பித்துவிட்டான். நான் மரம் எடுக்கிற சாக்கில் பின்பக்கம் போய் நின்று அழுதேன். இந்த வயதில் அழுவதற்கு ஒரு வசதி, பார்த்தவர்கள் கண் ஆபரேஷன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மேலே எழுதியதை நாலு நாள் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இப்போது மீதியை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வார் தைத்துக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தையும் என் கடிதத்தையும் முதலிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். ரசமட்டக் கதைக்குச் சிரித்தாள், எனக்கு அப்பவே தெரியும் என்றாள். பெட்டி வந்த இடத்தில் ஊசி நின்றுவிட்டது. முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி, "நீங்களா அனுப்புனீங்க?" ஆமாம் என்றேன். எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணியெல்லாம் எடுத்தாள், ஈரத் துணியையும் சேர்த்து எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். இரண்டு நாள் தேநீரை மேஜையில் வைக்கும் சத்தத்திலேயே எனக்கு எல்லாம் கேட்டது. டீச்சர் வந்து பார்த்துவிட்டு, என்ன மாமா வீட்ல மழை மேகமா இருக்கு என்றாள், கூரை ஒழுகுதும்மா என்று சமாளித்தேன்.

நேற்றுக் காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. என்னிடம் சொன்னாளா சுவரிடம் சொன்னாளா தெரியவில்லை. "பட்டாணியைத் தலை வார உட்கார வச்சா கழுத்தை விறைப்பா வச்சுக்கிட்டு உட்காருவா, சின்னப் பிள்ளை. வலிக்குதான்னு நான் ஒரு நாள்கூடக் கேட்கல." அவ்வளவுதான் சொன்னாள். பித்தானைப் போடத் தெரியாமல் நான் அப்படியே நின்றேன். அவளே வந்து போட்டுவிட்டாள், கொஞ்சம் அழுத்தமாகவே போட்டாள், என் கணக்கு இன்னும் தீரவில்லை என்று புரிந்தது. தீர வேண்டிய அவசியமும் இல்லை, நான் இங்கேயேதான் இருக்கப் போகிறேன், மெதுவாகத் திட்டிக்கொள்ளட்டும். நீ மட்டும் அங்கே அத்தனை தூரத்தில் தனியாக இதைத் தூக்கிக்கொண்டு இருக்காதே. மாப்பிள்ளையிடம் மறைக்காமல் சொல், நல்ல மனிதர், புரிந்துகொள்வார். பெரியம்மாவிடம் சண்டை போடாதே. குட்டிக்குப் பால் பல் விழுந்ததா, ஆடுகிற பல்லை நூல் கட்டி இழுக்காதே, தானாக விழட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நீ கவலைப்பட்டால் முதலில் சாப்பாட்டைத்தான் விடுவாய், அதில் நீயும் அண்ணனும் ஒரே ரகம்.

முடிக்கும்முன் ஒரு முக்கியமான வேலை. இந்த உறையில் மடித்து வைத்திருக்கும் பழுப்புத் தாள் அம்மா கொடுத்தது. உன் இரண்டு பாதத்தையும் அதில் வரைந்து உடனே அனுப்ப வேண்டுமாம். உட்கார்ந்து வரையக் கூடாது, உடம்புப் பாரம் முழுக்கக் காலில் இறங்கும்படி நின்றுகொள், பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து மாப்பிள்ளை வரையட்டும், கட்டைவிரல் பக்கம் அவசரப்படக் கூடாது. எந்தப் பக்கம் எது என்று நீ குழம்பக் கூடாதாம், இடது வலது என்று அவள் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள். சிவப்புத் தோல் எடுத்து வைத்துவிட்டாள், கல்யாணத்துக்குள் தைத்து முடிக்க நாள் குறைவு என்று இப்போதே என்னை விரட்டுகிறாள். நெட்டை இதை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வரி சேர்க்கச் சொல்கிறான்: "குதிகால் அரை அங்குலத்துக்கு மேல போகக் கூடாது, சொல்லிட்டேன், அப்புறம் குழாயை நான் எப்படி வெட்டுறது?"

நீங்கள் மூன்று பேரும் நூறு வயது நோயில்லாமல் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்

உன் அப்பா

தாளை மறந்துவிடாதே. நின்றுகொண்டு வரைய வேண்டும்.